ஓப்பன்பிஎஸ்டி மடிக்கணினியில் வைஃபை: நாட்குறிப்பு

மே 3, 2025, சனி

இந்த வாரம் வெளிவந்த ஓப்பன்பிஎஸ்டி 7.7 என்ற இலவச இயங்குதளத்தை இந்தப் பழைய மடிக்கணினியில் நிறுவிவிட்டேன். திரை, டச்பேட், ஒலி எல்லாம் தாமாகவே வேலை செய்கின்றன. வைஃபை மட்டும் இல்லை. கர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) துவங்கும்போது திரையில் ஓடும் வரிகளில் வைஃபை அட்டையின் பெயர் வருகிறது. அந்த வரி ‘நாட் கான்ஃபிகர்ட்’ என்று முடிகிறது. அட்டையின் சில்லு கண்ணில் பட்டுவிட்டது, அதை ஓட்டும் நிரலான டிரைவர் இல்லை.

மே 4, ஞாயிறு

கைபேசியை யூஎஸ்பி கேபிளில் மாட்டி அதன் இணையத்தை மடிக்கணினியோடு பகிரும் டெதரிங்கைப் போட்டேன். ‘யூஆர்என்டிஐஎஸ்0’ என்ற பெயரில் பிணைய இணைப்பாக உடனே எழுந்தது, இணையமும் வந்துவிட்டது. ஃபர்ம்வேரை (சில்லுக்குள் ஏற்றவேண்டிய அதன் சொந்த நிரலை) இறக்க இணையம் வேண்டும், இணையம் வர ஃபர்ம்வேர் வேண்டும் என்ற முடிச்சில் மாட்டிக்கொண்டவர்கள் முதலில் இதைச் செய்துபாருங்கள்.

மே 10, சனி

சென்னையின் மின்னணுச் சந்தையான ரிச்சி தெருவுக்குப் போய், யூஎஸ்பியில் செருகும் பழைய வைஃபை டாங்கிள் ஒன்று வாங்கி வந்தேன். உறையில் இருக்கும் பெயரைப் பார்த்து வாங்கக் கூடாது. ஒரே மாடலின் முதல் பதிப்பில் ஒரு சில்லும் இரண்டாம் பதிப்பில் முற்றிலும் வேறொரு சில்லும் இருப்பது சாதாரணம். நான் கேட்டு வாங்கியது ராலிங்க் ஆர்டி3070 சில்லு.

செருகியவுடன், அதன் டிரைவர் பெயரில் ‘ரன்0’ வந்து நின்றது. எதையும் இறக்கவில்லை, இதன் ஃபர்ம்வேர் ஓப்பன்பிஎஸ்டியோடே வருகிறது. 2004 வாக்கில் ஓப்பன்பிஎஸ்டிக்காரர்கள் வைஃபை நிறுவனங்களிடம் விடாமல் கேட்டார்கள்: ஃபர்ம்வேரை எவரும் பகிர அனுமதி கொடுங்கள், டிரைவர் எழுத ஆவணம் கொடுங்கள். இசைந்தவற்றில் தைவானின் ராலிங்க் ஒன்று. அந்த நிறுவனத்தை 2011இல் மீடியாடெக் வாங்கிவிட்டது. அன்று தந்த அனுமதி இன்றும் என் மேசையில் பலன் தருகிறது. இந்தத் தாராளத்துக்கு நான் மனதார நன்றி சொல்கிறேன்.

குறை ஒன்று உண்டு. இந்த டிரைவர் 802.11என் என்ற வேகமான வைஃபை தரத்தின் வசதிகளைத் தொடுவதில்லை, எனவே பழைய 54 மெகாபிட் எல்லைதான். மின்னஞ்சலுக்குப் போதும்.

மே 17, சனி

பழைய அட்டைக்குப் பதிலாகப் போட இன்டெல் 7265 வைஃபை அட்டை வந்துவிட்டது. பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, ஒற்றைத் திருகை எடுத்ததும் பழைய அட்டை சாய்வாக எழும்பியது. அதன் நுனியில் கறுப்பும் வெள்ளையுமாய் இரண்டு ஆன்டெனாக் கம்பிகள். அவற்றின் தலை மிளகளவுகூட இல்லை. நகத்தால் நேராக அழுத்தினால் மெல்லிய ‘டக்’ கேட்கும். சாய்த்து அழுத்தினால் விளிம்பு நசுங்கிப்போகும். சில மடிக்கணினிகளின் பயாஸ் (கணினியைத் துவக்கும் அடிப்படை நிரல்), தன் பட்டியலில் இல்லாத அட்டையை ஏற்காது. இதில் அந்தத் தடை இல்லை.

இன்டெல் ஃபர்ம்வேர் நிறுவல் கோப்புகளோடு வருவதில்லை. டாங்கிள் தந்த இணையத்தின் வழியாக ‘எஃப்டபிள்யூ_அப்டேட்’ என்ற கட்டளை அதை இறக்கித் தந்தது. இன்டெல் அட்டை ‘ஐடபிள்யூஎம்0’ என்ற பெயரில் தயார். 7.1 பதிப்பிலிருந்தே இந்த டிரைவர் இன்னும் வேகமான 802.11ஏசி தரத்தில் பேசுகிறது. வித்தியாசம் கண்கூடாகத் தெரிகிறது.

மே 18, ஞாயிறு

அட்டையின் அமைப்புகள் இருக்கும் ‘ஹோஸ்ட்நேம்.ஐடபிள்யூஎம்0’ கோப்பில் வீடு, அலுவலகம், அக்கா வீடு என ஒவ்வொன்றின் வைஃபைக்கும் ஒரு ‘ஜாயின்’ வரி எழுதினேன். எது எட்டுகிறதோ அதில் தானே சேர்ந்துகொள்கிறது. நெட்வொர்க் மேலாளர் நிரல் எதுவும் தேவைப்படவில்லை. அட்டையில் இருக்கும் புளூடூத் பகுதி மட்டும் சும்மா கிடக்கும். அந்த வசதியை 2014லேயே ஓப்பன்பிஎஸ்டி எடுத்துவிட்டது. பாட்டுக் கேட்க ஒயர் ஹெட்போன் வாங்க வேண்டும்.