விலையைக் கடைசியாக் கேள்

மலருக்கு ஏதாவது எழுதித் தாங்கோ எண்டு பழைய மாணவர் சங்கச் செயலாளர் மூண்டு மாசமா மெசேஜ் போட்டுக்கொண்டிருக்கிறார். விளையாட்டுப்போட்டி, இல்லம் சோடிச்சது, மதில் பாஞ்சது எல்லாம் மற்றாக்கள் எழுதுவினம், நான் எழுதுறது வேற ஒண்டு. ஆக்களோட கதைக்கிறது எண்ட விசயத்தை எனக்குப் படிப்பிச்சது எங்கட பள்ளிக்கூடம், அதுவும் வகுப்புக்குள்ள இல்ல, யாழ்ப்பாணத்து நெல்லியடிச் சந்தையில.

1985 இல நான் எட்டாம் வகுப்பு. தமிழ்த்தினப் பேச்சுப்போட்டியில ஏறினா அஞ்சு நிமிசம் ஒரு இடத்திலயும் தடக்காமல் பேசுவன், திருக்குறள்ல சொல்வன்மை அதிகாரம் 65, பத்துக் குறளும் தலைகீழாப் பாடம். ஆனா வீட்டுக்கு ஆரும் வந்தா கிணத்தடிப் பக்கம் போயிடுவன், அவை போனாப்பிறகுதான் உள்ள வருவன். கடைக்கு விடேக்க அம்மா ஒரு துண்டில சாமானெல்லாம் எழுதித் தருவா, நான் அந்தத் துண்டை நீட்டினாச் சரி, வாய் திறக்கத் தேவையில்ல. வீட்டில பெரியாக்கள் கதைக்கேக்க சின்னாக்கள் வாய் பாக்கக்கூடாது எண்டுதான் வளத்தவை, அதில பிழை சொல்லேல்ல, ஆனா எப்ப வாய் திறக்கலாம் எண்டு ஒருத்தரும் சொல்லித் தரேல்ல. மேடையில பேசுறதும் ஒரு ஆளுக்கு முன்னால நிண்டு கதைக்கிறதும் ரெண்டு வேற வேற வேலை எண்டு எனக்கு அப்ப தெரியாது.

இதைக் கண்டுபிடிச்சவர் எங்கட பூமிசாஸ்திர மாஸ்ரர். வொலிபோலுக்கும் அவர்தான் பொறுப்பு. மரக்கறி விலை கிழமைக்குக் கிழமை எப்பிடி ஏறி இறங்குது எண்டு ஆறு கிழமைக்கு வரைபு கீறோணும் எண்டு வகுப்புக்கு ஒரு வேலை தந்தவர், வடிவாக் கீறக்கூடிய பெடியளுக்குக் கீறுற வேலை, எனக்கு மட்டும் சந்தைக்குப் போய் விலை கேக்கிற வேலை. அவர் தெரிஞ்சுதான் தந்தவர்.

முதல் சனிக்கிழமை வெங்காயம் விக்கிற ஒரு ஆச்சிக்கு முன்னால போய் நிண்டன். வெங்காயம் என்ன விலை எண்டு கேட்டன். எத்தினை கிலோ ராசா எண்டா. வேண்டாம், விலை மட்டும் எண்டன். ஆச்சி என்னை மேலயும் கீழயும் பாத்துட்டு, "முதல் வியாபாரம் இன்னும் நடக்கேல்ல, விலை மட்டும் கேட்டுப்போட்டு நிக்கிறாய்" எண்டு சொல்லிப்போட்டு அங்கால திரும்பிட்டா. எனக்கு அழுகை வந்திட்டுது. வேற ஒரு ஆளிட்டயும் கேக்காமல் வெறுங்கொப்பியோட சைக்கிளை மிதிச்சுக்கொண்டு வந்திட்டன்.

திங்கக்கிழமை பின்னேரம் மாஸ்ரர் நெற் கட்டிக்கொண்டு நிண்டவர், நான் மற்றப் பக்கக் கயித்தைப் பிடிச்சுக்கொண்டு நடந்ததைச் சொன்னன். ஏசேல்ல. "விலையைக் கடைசியாக் கேள், முதல் ஆளைக் கேள்" எண்டார். ஆளை என்னெண்டு சேர் கேக்கிறது எண்டு கேட்டன். "அவ எங்க இருந்து வாறா, எத்தினை மணிக்கு வெளிக்கிட்டவ, உனக்குத் தெரியுமோ? தெரியாதெல்லோ, அப்ப அதைக் கேள். மறுமொழி வரேக்க கொப்பியைப் பாக்காத, முகத்தைப் பார்."

அடுத்த சனிக்கு முதல்நாள் ராத்திரி நல்ல மழை. அதே ஆச்சியிட்டத்தான் போனன், கால் நடுங்குது, "எணை ஆச்சி, ராத்திரி மழைக்கு வெங்காயம் நனைஞ்சு போச்சோ?" எண்டு கேட்டன். அவ்வளவுதான். கொட்டில் கிடுகு ஒரு இடத்தில ஒழுகினது, சாக்கை இழுத்து நகத்தினது, மோனை எழுப்ப அவன் எழும்பாதது எல்லாம் சொல்லிக்கொண்டே ரெண்டு வெங்காயத்தை எடுத்து என்ர உள்ளங்கையில வச்சு தன்ர பெருவிரலால உருட்டிக் காட்டினா. காஞ்சதின்ர தோல் சரசரக்கும், நனைஞ்சது சத்தம் போடாது, கையோட ஒட்டும், பாக்க ரெண்டும் ஒண்டு மாதிரித்தான், கையுக்குத்தான் தெரியும் எண்டா. விலையை நான் கேக்கவேயில்ல, அவவாச் சொன்னா. சொல்லிப்போட்டு பக்கத்தில கத்தரிக்காய் விக்கிறவவைக் கூப்பிட்டு "தம்பி பள்ளிக்கூடத்துக்கு எழுதுது, உன்ர விலையையும் சொல்லு" எண்டா. ஆறாவது கிழமை முடிய எங்கட வரைபில 11 மரக்கறி இருந்தது. அந்த உள்ளங்கைச் சரசரப்பு இப்பவும் எனக்கு ஞாபகம் இருக்கு.

பிறகு மாஸ்ரர் வொலிபோல் முடிய வேப்பமரத்துக்குக் கீழ எங்களை ரெண்டு ரெண்டு பேரா இருத்திக் கதைக்க விடுவார். ஒருத்தன் கேக்கோணும், மற்றவன் சொல்லோணும், ஆனா வெறும் ஓம் இல்லை எண்டு சொல்லி முடிக்கக்கூடாது, கேட்டவன் பிடிச்சுக்கொண்டு அடுத்ததைக் கேக்கக்கூடிய மாதிரி ஒண்டை வச்சுச் சொல்லோணும். நேற்று என்ன செய்தனி எண்டா "சும்மா இருந்தன்" எண்டு சொல்லாத, "அண்ணையின்ர சைக்கிளுக்கு ஒட்டுப் போட்டன்" எண்டு சொல்லு, அவன் எந்த அண்ணை, எங்க காத்துப் போனது எண்டு கேப்பான் எல்லோ எண்டுவார். "பந்தை அடிச்சு முடிக்காத, தூக்கிக் குடு" எண்டது அவற்ற சொல்லு. கதை தானாத்தான் வரும் எண்டுதான் நாங்கள் எல்லாரும் நினைக்கிறம், பழகிப் பழகித்தான் வரும், இதை நான் ஆரோடயும் வாதாடுவன்.

எங்கட ஊர்க்கதையில எவ்வளவு நுணுக்கம் இருக்கு எண்டு கனடா வந்தாப்பிறகுதான் எனக்கு விளங்கினது. வெளிக்கிட்டுப் போற ஆளை எங்க போறியள் எண்டு கேக்கக்கூடாது, சகுனம் பிழைச்சுப் போகும், அதால "தூரவோ?" எண்டுதான் கேப்பம். அவரும் "ஓமோம், உதில ஒருக்கா" எண்டுவார். எங்க போறார் எண்டு எங்களுக்கும் தெரியாது, அவரும் சொல்லேல்ல, ஆனா ரெண்டு பேரும் ஆளை ஆள் கண்டாச்சு. சொல்ல விருப்பம் எண்டா ஆசுப்பத்திரிக்கு எண்டு நிண்டு சொல்லுவார், இல்லையெண்டாப் போவார், ரெண்டுக்கும் இடம் விட்ட கேள்வி அது. போகேக்க போறன் எண்டு சொல்லமாட்டம், போட்டு வாறன். கண்ட உடன "என்ன புதினம்?" இதுகளை ஒருத்தரும் எங்களுக்குப் பாடமாத் தரேல்ல, வளவுக்குள்ள காதால வந்தது.

1987 வைகாசியில எங்கட வடமராட்சிப் பக்கம் ஆமி ஒப்பரேசன் தொடங்கினதோட பள்ளிக்கூடம், வொலிபோல், வேப்பமரம் எல்லாம் சிதறிப்போச்சு. 1990க்குப் பிறகு கரண்டும் இல்ல. சைக்கிளைக் கவிட்டு வச்சு ஒருத்தர் பெடல் சுத்த, டைனமோவில றேடியோ பாடும், பிபிசி தமிழோசை கேக்க எங்கட முத்தத்தில பத்துப் பதினைஞ்சு பேர் வருவினம். செய்தி முடிய வாக்குவாதம். அதில ஒரு மாமா, சொந்த மாமா இல்ல, ஊர் மாமா, ஆர் என்ன சொன்னாலும் முழுக்கச் சொல்லி முடியும்வரைக்கும் கேட்டுப்போட்டு, "நீங்கள் சொல்லுறது விளங்குது, நான் கேள்விப்பட்டது வேற மாதிரி" எண்டுதான் தொடங்குவார். அந்த மனிசனோட மறுத்துக் கதைச்ச ஒருத்தரும் கோவிச்சுக்கொண்டு எழும்பிப் போனதை நான் காணேல்ல. நான் டைனமோ சுத்தச் சுத்த இதைத்தான் பாத்துக்கொண்டிருப்பன்.

ரொரன்ரோவுக்கு வந்தது 1993 தை. வெளிய மைனஸ் 20. வந்த ரெண்டாம் கிழமை ஸ்காபரோவில ஒரு கடையில காசு குடுக்கேக்க அந்தப் பிள்ளை ஹவ் ஆர் யூ எண்டு கேட்டது, என்னை ஒருத்தர் இப்பிடிக் கேட்டது வந்த நாளுக்கு அதுதான் முதல் தரம், நான் எனக்குத் தெரிஞ்ச இங்கிலீசில தலையிடி, நித்திரை இல்ல, தங்கச்சி கொழும்பில லொட்ஜில நிக்கிறா எண்டு எல்லாத்தையும் சொன்னன். பின்னால ஆக்கள் வரிசையில நிக்கினம், அந்தப் பிள்ளை பாவம், முகம் சுழிக்காமல் கேட்டது. இரவு படுக்கேக்கதான் யோசிச்சன், அது அவையின்ர "தூரவோ?" எல்லோ எண்டு. பஸ் தரிப்பில நிண்டு இண்டைக்கு நல்ல குளிர் எண்டு சொல்லுறதும் எங்கட "மழை இருட்டுது" மாதிரித்தான். புதுசா வந்த ஆக்களுக்கு அரசாங்கம் 1992 இல லிங்க் எண்டு இலவச இங்கிலீஸ் வகுப்புத் தொடங்கியிருந்தது, அதில போய் வசனம் படிச்சனான், நல்லாத்தான் படிப்பிச்சவை, ஆனா எந்த வசனத்தை எதுக்குச் சொல்லுறது எண்டதை நான் சந்தையோடயும் முத்தத்தோடயும் ஒப்பிட்டுத்தான் பிடிச்சனான்.

முதல் வேலை ஒரு பக்ரரி. மத்தியானம் சாப்பாட்டு அறையில நாலு மாசம் தனியத்தான் இருந்தன். எதிர் மேசையில ஒரு கயானாக்காரர், ஒவ்வொரு நாளும் துணியில சுத்தின ரொட்டி கொண்டு வருவார். ஒரு நாள் துணிஞ்சு, எங்கட ரொட்டி மத்தியானத்துக்கு விறைச்சுப்போம், உங்கடது என்னெண்டு மெத்தெண்டு இருக்கு எண்டு கேட்டன். மனிசன் கையைத் துடைச்சுப்போட்டு எழும்பி நிண்டு செய்து காட்டினார். தாச்சியில இருந்து எடுத்த உடன, சூட்டோட, ரெண்டு கைக்கும் நடுவில போட்டுப் பட் பட் எண்டு தட்டோணும், அப்ப உள்ளுக்க மடிப்பு மடிப்பாப் பிரியும், ஆற முதல் துணியால மூடோணும், கை சுடும், சுட்டாலும் நிப்பாட்டக்கூடாது. அண்டைக்குத் தொடங்கின கதை. 1838 இல இருந்து 1917 வரைக்கும் பிரிட்டிஷ் கயானாக் கரும்புத் தோட்டங்களுக்கு இந்தியாவில இருந்து ஒப்பந்தக் கூலியளாக் கப்பல்ல ஏத்தினவை, அதில மதராசில இருந்தும் போன ஆக்கள் இருக்கினம், அவற்ற அப்பம்மா கும்பிட்டது மாரியம்மனை. தமிழ் ஒரு சொல்லும் தெரியாது, மாரியம்மா எண்டு மட்டும் சொல்லுவார். அவரிட்டயும் நான் முதல் கேட்டது ரொட்டியைத்தான், ஊரையோ சம்பளத்தையோ இல்ல.

அதே பக்ரரியில மேல் வேலைக்கு இன்ரவியூ வந்தது. உங்களைப் பற்றிச் சொல்லுங்கோ எண்டவை, பேர், ஊர், ஏ எல் றிசல்ற் எல்லாம் சொல்லி முடிச்சிட்டுப் பேசாமல் இருந்தன். கிடைக்கேல்ல. அந்தக் கயானாக்காரர்தான் பிறேக் நேரங்கள்ல என்னை முன்னால இருத்திக் கேள்வி கேட்டுப் பழக்கினவர், போன மாசம் மிசின் நிண்டதை நீ சத்தத்தை வச்சுக் கண்டுபிடிச்சாய் எல்லோ, அதைச் சொல்லு, அவை பிறகு தாங்களாக் கேப்பினம் எண்டார். நான் திகைச்சுப்போனன், அது எங்கட மாஸ்ரரின்ர வேப்பமரத்துப் பாடம். ரெண்டாம் தரம் வேலை கிடைச்சது.

மன்னிப்புக் கேக்கிறதுதான் எனக்குக் கடைசியா வந்தது. ஊரில பக்கத்து வீட்டோட கொளுவுப்பட்டா ரெண்டு நாளால வேலிப் பொட்டுக்கால நாலு முருங்கைக்காய் போகும், அங்கால இருந்து ஒரு கிண்ணத்தில கூழ் வரும், வாயால ஒரு சொல்லும் இல்ல, முடிஞ்சுது. இங்க வேலியும் இல்ல, பொட்டும் இல்ல, வாயால சொன்னாத்தான் உண்டு. ஒன்ராறியோவில 2009 இல இதுக்கு ஒரு சட்டமே கொண்டுவந்தவை, மன்னிப்புக் கேட்டா அதைக் குற்றத்தை ஒத்துக்கொண்டதா சிவில் வழக்கில எடுக்கேலாது எண்டு. நல்ல சட்டம் எண்டுதான் நான் சொல்லுவன். சொறி எண்டு சொல்லிப்போட்டு "ஆனா" எண்டு இழுக்காமல் நிப்பாட்டுறதுக்கு எனக்குக் கன வருசம் எடுத்தது, அதை என்ர மனிசியிட்டத்தான் பழகினனான்.

2002 இல யாழ்ப்பாணம் போற ஏ9 றோட்டுத் திறந்தாப்பிறகு 2004 இல ஊருக்குப் போனன். மாஸ்ரர் சாய்மனைக் கதிரையில இருந்தார், கண் அவ்வளவு தெரியேல்ல, குரலை வச்சு ஆளைப் பிடிச்சிட்டார். சம்பளம், வீடு, கார் ஒண்டும் கேக்கேல்ல. "பிளேனில பக்கத்துச் சீற்றில ஆர் வந்தது?" எண்டு கேட்டார். எனக்கு மறுமொழி இருந்தது, ஒரு பஞ்சாபி அம்மா, மகளின்ர பிள்ளைப்பேறு பாத்துப்போட்டுத் திரும்பிப் போறா, பேரப்பிள்ளையின்ர ஒரு குட்டிச் சட்டையைத் தோய்க்காமல் ஹான்ட்பாக்கில வச்சுக்கொண்டு போறா எண்டு சொன்னன். மாஸ்ரர் கன நேரம் ஒண்டும் சொல்லேல்ல, பிறகு உள்ள திரும்பித் தேத்தண்ணி போடச் சொன்னார். 2011 இல அவர் மோசம் போனதைச் சங்க வட்ஸ்அப்பிலதான் பாத்தன்.

இப்ப என்ர கவலை எங்கட பிள்ளையள். நல்ல பிள்ளையள், வகுப்பில எழும்பிப் பிரசென்ரேசன் எல்லாம் அந்தமாதிரிச் செய்யுதுகள், ஆனா அம்மம்மா போன் எடுத்தா "சாப்பிட்டீங்களா" எண்டு கேட்டுப்போட்டு எங்களிட்ட போனை நீட்டுதுகள். என்ர மகளுக்கு நான் சொன்னது ஒண்டுதான், அம்மம்மா உனக்குத் தெரியாத ஒண்டைச் சொல்ல விடு, முத்தத்தில இண்டைக்கு என்ன பூத்திருக்கு எண்டு கேள், மறுமொழி வர நேரம் எடுக்கும், அந்த இடைவெளியில நீ கதைச்சு நிரப்பாத. முதல் நாள் மகள் நான் சொன்ன மாதிரிக் கேட்டுப்போட்டுப் பேசாமல் இருந்தாள், அங்காலயும் சத்தம் இல்ல, லைன் கட்டாப்போச்சாக்கும் எண்டு நினைச்சன். பாத்தா அம்மம்மா போனையும் கொண்டு முத்தத்துக்கு நடந்து போறா, செருப்புச் சத்தம் கேக்குது. அண்டைக்கு 40 நிமிசம் கதைச்சவை, தமிழ் பாதி இங்கிலீஸ் பாதி, நந்தியாவட்டை எண்ட சொல்லை மகள் பத்துத் தரம் சொல்லிப் பழகினாள்.

வாற ஆடி மாச ஒன்றுகூடலுக்கு நான் செயலாளரிட்ட ஒரு மேசை கேட்டிருக்கிறன். வழக்கமா அங்க பெரியாக்கள் ஒரு பக்கம், பிள்ளையள் மரத்துக்குக் கீழ போனோட இன்னொரு பக்கம். இந்தமுறை கொத்துரொட்டி போடுற இடத்துக்குப் பக்கத்தில ஒரு சாக்கு வெங்காயம் வைப்பம், எப்பிடியும் உரிக்கத்தானே வேணும், ஒரு பெரியாளும் ஒரு பிள்ளையுமாச் சோடி சோடியா இருந்து உரிக்கட்டும். நான் அதில நிப்பன், பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு வாங்கோ, கத்தி நான் கொண்டு வாறன்.