எல்லோரும் எலும்பைப் பற்றியே கேட்கிறார்கள்

மார்ச் 3
அம்மாவின் இடுப்பு ஒபரேசன் நாளைக்குத் தள்ளிப்போனது. இரத்தம் குறைவாம், ஏற்றிவிட்டுத்தான் செய்வார்களாம். இடுப்பு முறிந்தால் அன்றோ மறுநாளோ செய்வதுதான் நல்லது, படுத்தே கிடந்தால் காலில் இரத்தம் உறையும் என்று சொன்ன அதே டொக்டர்தான் இதையும் சொல்கிறார். அவரிலும் பிழையில்லை.

மார்ச் 4
முடிந்தது. கண் விழித்ததும் தேத்தண்ணி கேட்டார்.

மார்ச் 5
உப்புவெளிச் சித்தி வந்தார். கம்பி வைத்ததா, மூட்டுப் பந்து மாற்றியதா, எப்ப நடப்பா, இதே கேள்விகள். எனக்கு எலும்பில் பயமே இல்லை, அது பொருந்திவிட்டது. டொக்டர் காலையில் சொன்னதுதான் தலைக்குள் ஓடுகிறது: இந்த வயதில் இடுப்பு முறிந்தவர்களுக்கு முதல் வாரங்களில் மாரடைப்பும் பாரிசவாதமும் வரும் வாய்ப்பு கூட, அதிலும் ஒபரேசன் முடிந்த இரண்டு மூன்று நாள்தான் இதயத்துக்கு மோசம். இரத்தம் போயிருக்கிறது, உடம்பு முழுக்க அழற்சி, இரத்தம் இலகுவாக உறைகிறது, இதயமோ வழக்கத்தைவிடக் கூட வேலை செய்கிறது. சரி, நெஞ்சு நொந்தால் சொல்வார்தானே என்றேன். பலருக்கு நோகவே நோகாதாம், வலி மருந்து மறைத்துவிடுமாம். மூச்சு வாங்கினால், பிரஷர் இறங்கினால், ஆள் குழம்பினால் கவனியுங்கள் என்றார்.

குழம்பினால்! ராத்திரி முழுக்க அம்மா, அப்பா கோணேசர் கோவிலுக்குப் போய் இன்னும் வரவில்லை என்று சண்டை பிடித்தார். அப்பா செத்து எவ்வளவு காலம். இது மாரடைப்புக் குழப்பமா, ஒபரேசன் குழப்பமா, நான் எப்படிப் பிரிப்பேன்?

மார்ச் 6
அக்கா டொரோண்டோவிலிருந்து. "நெஞ்சு நோகுதா எண்டு கேளடி." கேட்டேன். இல்லையாம். அக்காவுக்கு நிம்மதி.

மார்ச் 7
விடிய மூச்சு வாங்கியது. நர்ஸ் மிஸ் ஓடிவந்து ஈசிஜி எடுத்தார். இரத்தத்தில் ட்ரோபோனின், இதயத் தசை பாதிக்கப்பட்டால் ஏறுகிற பொருள், கொஞ்சம் கூடியிருக்கிறதாம். கொஞ்சம் என்றால் எவ்வளவு? சில மணிநேரம் கழித்துத் திரும்ப எடுத்துப் பார்த்தால்தான் தெரியுமாம், ஏறிக்கொண்டே போனால் மாரடைப்பு.

இரவு
ஏறவில்லை.

மார்ச் 9
இப்போது பாரிசவாதம் பிடித்துக்கொண்டது, எனக்குத்தான், மனதில். நாடி ஒழுங்கில்லாமல் அடித்தால் இதயத்துக்குள் இரத்தக் கட்டி உண்டாகி மூளைக்குப் போகலாம் என்பதால் நாடி பிடித்தபடியே இருக்கிறேன். வழமையாக நாலரை மணிநேரத்துக்குள் கொண்டுபோனால் கட்டியைக் கரைக்க ஊசி உண்டு, ஆனால் பெரிய ஒபரேசன் ஆன புதிதில் அதைப் போடத் தயங்குவார்கள், இரத்தம் கசிந்துவிடும். அதற்காக வந்தால் சும்மா இருக்க முடியுமா, அப்போதும் உடனே ஓடத்தான் வேண்டும்.

"அம்மா, சிரியுங்கோ. ரெண்டு கையையும் தூக்குங்கோ."
"உனக்கென்ன விசரா?"
பேச்சு குளறவில்லை.

மார்ச் 12
உவர்மலை வீடு. இரத்தம் உறையாமல் இருக்க வயிற்றில் போடும் ஊசி இன்னும் சில வாரம். நடக்கிற சட்டத்தைப் பிடித்துக் குசினிவரை போய், சொதிக்கு உப்புப் போதாது என்றார். பிரஷருக்காகக் குறைத்தது என்றேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மார்ச் 13
நாடி 88. ஒழுங்கு. பின்னேரம் திரும்பப் பார்க்க வேண்டும்.