உங்கள் டொமைன் எங்கள் டிரேட்மார்க் என்று கடிதம் வந்தால்

"இந்தப் பெயர் எங்கள் டிரேட்மார்க். 48 மணி நேரத்தில் டொமைனை ஒப்படைக்காவிட்டால் நடவடிக்கை எடுப்போம்." இப்படி ஒரு மின்னஞ்சல், அடியில் ஒரு பதிவு எண். படித்ததும் பயந்துபோய்க் கொடுத்துவிடுகிறவர்கள் உண்டு. கோபத்தில் "இவ்வளவு டாலர் கொடு, தருகிறேன்" என்று பதில் போடுகிறவர்களும் உண்டு. அதைச் செய்யவே செய்யாதீர்கள். டிரேட்மார்க் உரிமையாளரிடம் அதிக விலைக்கு விற்பதற்காகவே பெயரை வாங்கியிருந்தால் அது தீய நோக்கம் என்று டொமைன் பெயர்களை ஒருங்கிணைக்கும் ஐகேன் அமைப்பின் யூடிஆர்பி (டொமைன் தகராறுகளைத் தீர்க்கும் நடைமுறை) விதியிலேயே இருக்கிறது. உங்கள் வாயாலேயே எதிராளிக்கு ஆதாரம் கொடுத்ததாகிவிடும்.

முதல் வேலை அந்த எண்ணைத் தேடுவது. உலக அறிவுசார் சொத்து அமைப்பான வைப்போவின் குளோபல் பிராண்ட் டேட்டாபேஸ், டிஎம்வியூ என்ற டிரேட்மார்க் தேடல் தளம் இரண்டிலும் இலவசமாகத் தேடலாம். எண் இருக்கிறதா என்று பார்த்ததோடு நிறுத்திவிடாதீர்கள். உரிமையாளர் பெயர் கடிதம் எழுதியவரோடு ஒத்துப்போகிறதா? பதிவானதா, வெறும் விண்ணப்பமா, காலாவதியானதா? பொருள்களையும் சேவைகளையும் பிரித்திருக்கும் மொத்தம் 45 வகுப்புகளில் எதில் பதிவு? சொல்லுக்கே உரிமையா, லோகோவுக்கு மட்டுமா? பொய்க் கோரிக்கைகள் பெரும்பாலும் இந்தக் கேள்விகளில் ஏதாவது ஒன்றில் மாட்டிக்கொள்ளும்.

பதிவு உண்மையாக இருந்தும் கோரிக்கை மோசடியாக இருக்கலாம். ஐரோப்பிய ஒன்றியத்துக்கான டாட் ஈயூ (.eu) டொமைன்கள் தொடங்கியபோது டிரேட்மார்க் வைத்திருந்தவர்களுக்கு முன்னுரிமை இருந்தது. அதற்காகவே ஒரு நிறுவனம் ஸ்வீடனில் &R&E&I&F&E&N& என்று ஒரு சின்னத்தைப் பதிந்தது. காகிதத்தில் அது கார் சீட் பெல்ட்டுக்கு. பெயரிலுள்ள சிறப்புக் குறிகளை நீக்கிக்கொள்ள விதி இடம் கொடுத்ததால் '&' எல்லாம் உதிர்ந்து, டயர் என்று பொருள்படும் ஜெர்மன் சொல் டொமைனாகக் கைக்கு வந்தது. இதே பாணியில் 33 பொதுச்சொற்களுக்கு விண்ணப்பித்திருந்தார்கள். பயன்படுத்தும் எண்ணமே இல்லாமல் பதிந்த சின்னம், எழுத்துக்கு நடுவே அர்த்தமில்லாத குறிகள் போன்றவற்றைத் தீய நோக்கத்தின் அறிகுறிகளாகக் கொள்ளலாம் என்று 2010இல் ஐரோப்பிய நீதிமன்றம் சொன்னது. பொதுச்சொல், அதற்குச் சம்பந்தமே இல்லாத வகுப்பு: இந்த ஜோடியைக் கண்டால் சந்தேகப்படுங்கள்.

அடுத்தது தேதி. டிரேட்மார்க் உரிமை உருவாவதற்கு முன்பே டொமைன் உங்களிடம் இருந்தால், தீய நோக்கத்தோடு வாங்கினீர்கள் என்று நிரூபிப்பது மிகக் கடினம். பலர் சறுக்குவது இங்கேதான்: டொமைனை இன்னொருவரிடமிருந்து வாங்கியிருந்தால், நீங்கள் வாங்கிய நாள்தான் கணக்கு, முதன்முதலில் அது பதிவான நாள் அல்ல. வருடாவருடம் புதுப்பிப்பதைப் புதிய பதிவாகப் பொதுவாகக் கருதமாட்டார்கள்.

கையோடு ரசீதுகள், பழைய ஸ்கிரீன்ஷாட்டுகள், தளத்தின் வரலாறு எல்லாவற்றையும் சேமியுங்கள். டொமைன் வேறிடத்துக்கு மாறாமல் தடுக்கும் டிரான்ஸ்ஃபர் லாக் போட்டு வையுங்கள். டொமைனை மாற்றத் தேவைப்படும் ரகசிய எண்ணான ஆத் கோடை யாருக்கும் தராதீர்கள். கடிதம் வந்த பிறகு ரெஜிஸ்ட்ராரை (டொமைனைப் பதிந்து தரும் நிறுவனத்தை) மாற்றுவதும், உரிமையாளர் பெயரைத் திருத்துவதும் ஓடி ஒளிவதாகத்தான் தெரியும்.

முறைப்படி யூடிஆர்பி புகார் வந்தால் விஷயம் வேறு. பதில் தர 20 நாள். கேட்டால் இன்னும் 4 நாள் தருவார்கள். பதில் போட உங்களுக்குக் கட்டணம் இல்லை; மூன்று நடுவர் வேண்டும் என்று நீங்கள் கேட்டால் மட்டும் பாதிச் செலவு உங்கள் தலையில். புகார்தாரர் மூன்றையும் நிரூபிக்க வேண்டும்: பெயர் ஒத்திருக்கிறது, உங்களுக்கு அதில் நியாயமான உரிமை இல்லை, தீய நோக்கத்தோடு பதிந்து பயன்படுத்துகிறீர்கள். ஒன்று விழுந்தாலும் புகார் விழும். பொய்ப் புகார்தானே என்று பேசாமல் இருந்துவிட்டால் நடுவர் முன் அவர்கள் கதை மட்டும்தான் இருக்கும்.

பதிலிலேயே இது 'ரிவர்ஸ் டொமைன் நேம் ஹைஜாக்கிங்' (விதியைத் தவறாகப் பயன்படுத்தி டொமைனைப் பறிக்கும் முயற்சி) என்று அறிவிக்கும்படி நடுவரிடம் கேளுங்கள். அறிவித்தாலும் நஷ்டஈடு கிடைக்காது, தீர்ப்பில் அவர்கள் பெயரோடு பதிவாகும், அவ்வளவுதான். தோற்றால்கூட, 10 வேலை நாளுக்குள் புகாரில் எதிராளி ஒப்புக்கொண்ட நீதிமன்றத்தில் வழக்குப் போட்டு அதை ரெஜிஸ்ட்ராருக்குத் தெரிவித்துவிட்டால் வழக்கு முடியும்வரை டொமைன் கை மாறாது.