320 கஜு, ஒரு றாத்தல், ஒரு தராசு

கஜுப் பெட்டியில் டபிள்யூ 320 என்று எழுதியிருந்தால், அது ஏதோ மரத்தின் இனம் என்று பலர் நினைக்கிறார்கள். அது வெறும் எண்ணிக்கைதான். ஒரு றாத்தலில், அதாவது 453.6 கிராமில், 300 முதல் 320 முழுப் பருப்பு. (பாணை இன்றும் றாத்தல் கணக்கில் கேட்கிற ஊருக்கு இது கஷ்டமான கணக்கில்லை.) டபிள்யூ என்பது வெள்ளை முழுப் பருப்பு. எண் குறையக் குறையப் பருப்பு பெரிது, விலையும் கூட.

கொழும்பு புறக்கோட்டையில் வாங்கினாலும் கண்டி வீதியில் கஜுகமவில் வண்டியை நிறுத்தி வாங்கினாலும், சமையலறைத் தராசில் 100 கிராம் நிறுத்து எண்ணிப் பாருங்கள். டபிள்யூ 240 என்றால் 48 முதல் 53 வரை வரும். 320க்கு 66 முதல் 70, 450க்கு 88 முதல் 99. உடைந்ததை எண்ணிக்கையிலும் சேர்க்காதீர்கள், நிறையிலும் சேர்க்காதீர்கள்.

எண்ணிக்கை சரியாக வந்தாலும் ஒரு ஓட்டை இருக்கிறது. 180ஐயும் 450ஐயும் சம நிறையில் கலந்தால் சராசரி றாத்தலுக்கு 315. தராசு அதை 320 என்றே சொல்லும்! அதனால் மிகப் பெரியதில் பத்து, மிகச் சிறியதில் பத்து எடுத்துத் தனித்தனியே நிறுங்கள். ஒன்று மற்றதைப் போல இரண்டு மடங்கு என்றால் அது கலப்புச் சரக்கு.

கலக்க நினைக்காதவரிடமும் இது நடக்கும், காரணம் இயந்திரம். பருமன் பிரிக்கும் பழைய இயந்திரத்தில் சரிவாக இரண்டு உருளைகள் சுழலும். நடுவில் உள்ள இடைவெளி கீழே போகப் போக அகலும். சின்னது முதலில் விழும், பெரியது கடைசியில். ஆனால் அது அளப்பது பருப்பின் தடிப்பை, நிறையை அல்ல. நீண்டு ஒல்லியாக இருக்கும் கனமான பருப்பு சின்னதோடு விழுந்துவிடும். ஆகவே ஒவ்வொரு தட்டிலிருந்தும் மாதிரி எடுத்து எண்ணாமல் பெட்டியில் எண் ஒட்டக்கூடாது.

கோதோடு மூட்டையாக வாங்குபவருக்குத் தேவை வெட்டுச் சோதனை, அதாவது மாதிரிக் கொட்டைகளை வெட்டி உள்ளிருக்கும் பருப்பை நிறுப்பது. மேல் மூட்டையில் மட்டும் கை விடாமல், பல மூட்டைகளில் அடி, நடு, மேல் என்று எடுத்துக் கலந்து குவித்து, நாலாகப் பிரித்து எதிரெதிர்ப் பங்குகளை விலக்குங்கள். 1 கிலோ எஞ்சும்வரை இதையே செய்யுங்கள். கொட்டைகளை எண்ணி எழுதிவிட்டு ஒவ்வொன்றையும் நீளவாக்கில் பிளக்க வேண்டும். கையுறை கட்டாயம், கோதின் எண்ணெய் தோலைப் பொசுக்கும்.

நல்ல பருப்பு, புள்ளி விழுந்ததும் முற்றாததும், அழுகியதும் வெறும் கோதும் என்று மூன்று குவியல். செந்தோலை உரிக்காமலே நிறுங்கள். முதல் குவியல் முழுதாகவும் இரண்டாவது பாதியாகவும் கணக்கில் வரும், மூன்றாவது வராது. நல்லது 270 கிராம், புள்ளி 20 கிராம் என்றால் 280. அதை 0.17637ஆல் (80ஐ 453.6ஆல் வகுத்தது) பெருக்கினால் 49.4. 80 கிலோ மூட்டைக்கு அத்தனை றாத்தல் பருப்பு என்று பொருள். கொட்டை வியாபாரத்தில் விலை பேசுவது இந்த எண்ணை வைத்துத்தான். மாதிரியில் 10 கிராம் பிசகினாலே மூட்டைக்கு ஏறத்தாழ 1.8 றாத்தல் மாறிவிடும். எனவே 1 கிராம் துல்லியத் தராசு இல்லாமல் இதைத் தொடங்காதீர்கள்.

ஈரக் கொட்டை இந்தக் கணக்கைக் கெடுக்கும். நீரும் பருப்போடு சேர்ந்து நிறைபடுவதால் எண் உயர்ந்து தெரியும், பிறகு களஞ்சியத்தில் பூஞ்சணம் பிடிக்கும். ஈரமானி வாங்கினால் கஜுவுக்கென்று அளவு திருத்தியதா என்று கேளுங்கள். வேறு தானியத்துக்கு அமைத்த மானி காட்டும் எண்ணை நம்ப முடியாது.

நிறம் பிரிக்கும் கமரா இயந்திரங்கள் கருகலையும் ஒட்டிய தோலையும் நன்றாகவே பிடிக்கும். பருப்பு விழும்போது கமரா பார்க்கும், நொடியின் சிறு பகுதியில் காற்றுக் குழல் ஊதித் தள்ளும். கம்பிரசர் அழுத்தம் குறைந்தால் கெட்டது தப்பிவிடும், வரத்து கூடினால் பக்கத்திலுள்ள நல்லதும் சேர்ந்து பறக்கும். கண்ணாடியில் படியும் தோல் தூசியைத் துடைக்காமல் விட்டால் இரண்டும் நடக்கும். கமராவுக்கு முதுகு காட்டி விழும் புழுத்துளையை அது காணாது. அதற்கு இன்னும் மேசையில் இருக்கும் பெண்களின் கண்தான்.

கடைசியில் ஈரம் 5 சதவீதத்துக்கு மேல் போகாமல் பொதி செய்ய வேண்டும். கொழும்பின் கடற்காற்றில் திறந்து வைத்த தட்டு விரைவிலேயே நமத்துவிடும். ஆகவே எண்ணி முடித்த தட்டை மதியச் சாப்பாட்டுக்குப் போகும் முன்பே மூடிவிடுங்கள்.