25-ஆம் நாளிலிருந்து

நவம்பர் 9

25.

அண்ணன் மீன்பிடிக்கக் கடலுக்குப் போய் இன்றோடு இத்தனை நாள்.

பதினொன்றரைக்குக் கடைக்காரர் போன். பில் விழவில்லை, வரிசையில் ஆள் நிற்கிறது என்றார். கடையின் பில் எல்லாம் ஏறுவது மைஎஸ்கியூஎல் என்ற டேட்டாபேஸ் சர்வரில். அது ஓடுகிறதா என்று பார்க்கும் என் ஸ்கிரிப்ட் எழுதிவைத்த லாகைப் பார்த்தால் காலையிலிருந்து ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ‘ஓடுகிறது, ஓடுகிறது’ என்றே இருக்கிறது. அரை மணி நேரம் தலையைப் பிய்த்துக்கொண்ட பிறகுதான் தெரிந்தது. ஓடும் புரோசஸ்களின் பட்டியலில் மைஎஸ்கியூஎல்டி என்ற அந்த சர்வரின் பெயரை, சொல் தேடும் கிரெப் கட்டளையை வைத்துத் தேடச் சொல்லியிருந்தேன். தேடுகிற கிரெப்பும் அந்தப் பட்டியலில் ஒரு புரோசஸ்தானே. அதன் வரியிலும் அதே பெயர் இருக்கும். தன்னையே கண்டுபிடித்துவிட்டு ‘இருக்கிறது’ என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் எல்லாரும் செய்து திருத்திக்கொள்கிற தப்பு. ஆறு வருடம் கழித்து நான் செய்கிறேன். பிகிரெப்புக்கு மாற்றினேன், அது தன்னை எண்ணாது.

சர்வர் நின்றது மெமரி போதாமல். ஆபரேட்டிங் சிஸ்டத்தின் கெர்னலே கொன்றிருக்கிறது. லாகில் ஒரே ஒரு வரி.

அம்மை வாசலிலிருந்து, “அண்ணன் விளிச்சானா மக்களே?”

இல்லை.

நவம்பர் 10

26. மழை.

நவம்பர் 12

28. ஸ்கிரிப்டைக் கையால் ஓட்டினால் ஓடுகிறது, குறித்த நேரத்தில் தானாக ஓட்டும் கிரானில் போட்டால் ஓடவில்லை. மைஎஸ்கியூஎல்லை வழக்கமான இடத்தில் நிறுவவில்லை. கிரானுக்குத் தெரிந்த பாத் இரண்டு மூன்று ஃபோல்டர்தான். முழுப் பாதையையும் எழுதிக் கொடுத்த பிறகு சரியானது.

மத்தியானம் மரச்சீனியும் சாளைக் கறியும். மைனி, அண்ணன் மனைவி, தட்டைத் தொடவில்லை.

நவம்பர் 13

29. தேங்காய்ப்பட்டணத்தில் ஒரு மீன்பிடிப் போட்டு வந்து கட்டியிருக்கிறது. அதில் போன ஒருவர் வயர்லெஸ்ஸில் அண்ணனின் குரலைக் கேட்டாராம். நல்ல மீன் பாடு, இன்னும் மேற்கே போகிறோம் என்றானாம். மைனி முகம் கழுவி, பொட்டு வைத்து, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஜெபத்துக்குப் போனாள். அவர் கேட்டது 5-ஆம் தேதி. அதை மைனி காதில் வாங்கவில்லையா, இல்லை வாங்கிக்கொண்டுதான் போனாளா என்று தெரியவில்லை.

ராத்திரி பிட் ஃபைலை வைத்துப் பார்க்கலாமா என்று யோசித்தேன். சர்வர் கிளம்பும்போது தன் புரோசஸ் எண்ணை அந்த ஃபைலில் எழுதிவைக்கும், ஒழுங்காக நின்றால் அழித்துவிட்டுப் போகும். திடீரென்று செத்தால் ஃபைல் அப்படியே கிடக்கும். பழைய எண்ணை வேறு ஏதாவது புரோசஸ் எடுத்துக்கொண்டிருந்தால், அந்த எண் உயிரோடிருக்கிறது என்று நம்மிடம் சத்தியமே செய்யும். வேண்டாம்.

5-ஆம் தேதி.

நவம்பர் 15

31. லட்சத்தீவுக் கடலுக்குப் போகாதீர்கள் என்று எச்சரிக்கை. போனவர்களுக்கு யார் சொல்வது? போட்டில் டிரான்ஸ்பாண்டர் பெட்டி இருக்கிறது, போன் இருக்கிறது, பக்கத்துப் போட்டு இருக்கிறது, எல்லாம் இருக்கிறது என்கிறார்கள். 2017-இல் ஒக்கி புயல் வந்தபோது இவற்றில் பாதி இல்லை என்பதும் எனக்குத் தெரியும். ஆனாலும் நவம்பர் கடைசி வாரம் நெருங்கினாலே இந்தத் தெருவில் யாரும் சத்தமாகப் பேசுவதில்லை. அம்மை இன்றும் சித்தப்பாவைப் பற்றி “போனான்” என்று சொல்வதில்லை. “வரல்ல” என்பாள். படத்துக்கு மாலை போட விட்டதில்லை. போன வருடம் ரேஷன் கார்டு விஷயமாக வந்த பையன் விவரம் தெரியாமல், “அவர் இறந்துட்டாரா பாட்டி?” என்று கேட்டுவிட்டான். “வரல்ல மக்களே,” என்று சொல்லி அவனுக்குக் கறுப்புக்கட்டி காப்பி போட்டுக் கொடுத்தாள். அவனும் எதையோ எழுதிக்கொண்டு போனான்.

வேலையில் ஒரு வேடிக்கை. இப்போது அட்மின் பிங் என்ற கட்டளையை வைத்து, இருக்கிறாயா என்று சர்வரிடமே கேட்கிறேன். கடவுச்சொல்லைத் தப்பாகக் கொடுத்தும் ஸ்கிரிப்ட் ‘ஓடுகிறது’ என்றது. புத்தகத்தில் பார்த்தால் சரிதானாம். ‘உனக்கு அனுமதி இல்லை’ என்று சொல்லவும் உள்ளே ஒருவர் இருக்க வேண்டுமே. அதனால் அதற்கும் 0-தான் திருப்பும், அதாவது ‘ஓடுகிறது’. திட்டு வாங்கினாலும் பதில் பதில்தான்.

அண்ணன் கிளம்பிய அன்று என்னைத் திட்டிவிட்டுப் போனான். பைக் சாவியைத் தொலைத்ததற்கு.

நவம்பர் 16

32. சாவி அரிசிப் பானைக்குப் பின்னால் கிடந்தது.

நவம்பர் 18

34. பிங் கேட்டால் உயிரோடிருக்கிறேன் என்கிறது. கடையில் ஒரு பில்லும் ஏறவில்லை. டிஸ்க் நிறைந்துவிட்டது. இடமில்லாவிட்டால் மைஎஸ்கியூஎல் விழாது. எழுத வேண்டியதைக் கையில் வைத்துக்கொண்டு, நிமிடத்துக்கு ஒருமுறை இடம் கிடைத்ததா என்று பார்த்தபடி நிற்கும். டேட்டாபேஸில் நடந்த மாற்றங்களைக் குறித்துவைக்கும் பழைய பைனரி லாக் எல்லாம் குவிந்து கிடந்தது. நாம் மாற்றாவிட்டால் 30 நாள் வைத்திருக்கும். 7 ஆக்கினேன்.

இனிமேல் இருக்கிறாயா என்று கேட்பதில் பிரயோசனமில்லை. ஒரு வரி எழுதிக் காட்டு என்றுதான் கேட்க வேண்டும். தனியாக ஒரு டேபிள், அதில் நேரம் மட்டும் ஏறும். நிமிடத்துக்கு ஒன்று.

மைனி இன்று மூன்று முறை வயர்லெஸ் அறைக்குப் போய்வந்தாள்.

நவம்பர் 20

36. இன்று சர்வரை நிறுத்தியது நான்தான்.

ராத்திரி ஒரு மணிக்கு பேக்கப், டேபிள்களைப் பூட்டிக்கொண்டு தொடங்கியது, நடுவில் எங்கோ சிக்கி நின்றுவிட்டது. பூட்டு விடவில்லை. என் ஸ்கிரிப்ட் போய் ஒரு வரி எழுதப் பார்த்திருக்கிறது, முடியாமல் காத்து நின்றிருக்கிறது. அடுத்த நிமிடம் கிரான் இன்னொன்றை அனுப்பியது. அதுவும் நின்றது. அப்புறம் இன்னொன்று. இணைப்புகள் மொத்தம் 151-தான், நாங்கள் மாற்றவில்லை. மூன்றரைக்குள் எல்லா நாற்காலியிலும் என் ஆட்களே உட்கார்ந்திருந்தார்கள். காலையில் கடை திறந்ததும் ‘இணைப்புகள் அதிகம்’ என்று 1040 பிழை. அட்மினுக்கென்று கூடுதலாக ஒரு இணைப்பு விட்டுவைத்திருப்பார்கள், அதன் வழியே உள்ளே போனேன். வரிசையாக ஒரே கேள்வி, என் கேள்வி, நூற்றுக்கும் மேல்.

பூட்டுக்காக எவ்வளவு நேரம் காத்திருக்கும் என்று பார்த்தேன். 31536000 விநாடி. கால்குலேட்டரில் போட்டால் 365 நாள். யாரோ யோசித்துத்தான் வைத்திருப்பார்கள்.

டைம்அவுட் 10 விநாடி போட்டேன். முந்தையது முடியாமல் அடுத்தது கிளம்பாதபடி எஃப்லாக்கும் போட்டாயிற்று.

நவம்பர் 21

37. வயர்லெஸ் அறையில் மைனியிடம், “பிள்ளே, ஏதாவது தெரிஞ்சா நாங்களே ஆள் விடுவோம், சும்மா சும்மா வராத,” என்று சொல்லிவிட்டார்களாம். தப்பாகவும் சொல்லவில்லை. வந்தவள் பிள்ளையை எதற்கோ அடித்தாள். அப்புறம் அவளே அழுதாள். நான் லேப்டாப்பை மூடாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். எழுந்து போயிருக்கலாம்.

நவம்பர் 23

39. இரண்டு பிழை எண்களைப் பிரித்து எழுதும்படி ஸ்கிரிப்டை மாற்றினேன். வெளியிலிருந்து இணைக்கும்போது 111 வந்தால் அந்த மெஷின் உயிரோடு இருக்கிறது, மைஎஸ்கியூஎல்லின் கதவான 3306 போர்ட்டில் கேட்க ஆள் இல்லை என்று அதுவே சொல்லி அனுப்பியிருக்கிறது. சர்வர் நின்றுவிட்டது, போய்க் கிளப்பலாம். 110 வந்தால் நேரம் முடிந்துவிட்டது என்று மட்டும் அர்த்தம். மெஷின் போயிருக்கலாம், கேபிள் போயிருக்கலாம், ஃபயர்வால் விழுங்கியிருக்கலாம், நம் வீட்டு நெட்டே போயிருக்கலாம். இதுவரை இரண்டுக்கும் ‘ஓடவில்லை’ என்றே எழுதிக்கொண்டிருந்தேன். இனி 110-க்கு ‘பதில் இல்லை’.

மேனேஜருக்கு இது பிடிக்கவில்லை. கஸ்டமருக்கு ஆம் அல்லது இல்லை என்று சொல்லுங்கள், மூன்றாவது எதற்கு என்றார். நான் மாற்றப்போவதில்லை.

அம்மையிடம் சொல்லலாம் என்று அடுக்களைக்குப் போனேன். நெத்தோலி நுள்ளிக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தெரியாததையா நான் சொல்லப்போகிறேன் என்று திரும்பிவிட்டேன்.

நவம்பர் 24

40. 110.

நவம்பர் 25

41. அதேதான். ஐஸ் எத்தனை நாள் தாங்கும் என்று மைனி கேட்டாள். அவளுக்கே தெரியும்.

நவம்பர் 27

43. விடிய இரண்டேமுக்காலுக்கு எழுந்து டேபிளைப் பார்த்தேன். கடைசி வரி ராத்திரி 9:14. ஐந்தரை மணி நேரமாக ஒன்றும் ஏறவில்லை, எச்சரிக்கையும் வரவில்லை. கை நடுங்கியது. செருப்பைப் போட்டுக்கொண்டு எங்கே போகப்போனேன் என்று இப்போது யோசித்தால் புரியவில்லை, சர்வர் இருப்பது சென்னையில். வாசலில் நின்று மறுபடி பார்த்தபோது அது 9:15 ஆகியிருந்தது. சர்வர் யூடிசியில், உலகப் பொது நேரத்தில், ஓடுகிறது. நமக்கு 5:30 கூட்ட வேண்டும்.

மைனி அறையில் விளக்கு எரிந்தது. “யாரு, போன் வந்துதா?” என்றாள். “இல்ல மைனி, கம்பெனி வேல,” என்றேன்.

நாளை நேரத்தை மாற்ற வேண்டும்.