இரண்டு கிட்டார், ஒரு மாற்றுப் பெயர்

முத்தியால்பேட்டையில் நேற்று இரவு கரண்ட் போய்விட்டது. மொட்டைமாடியில் பாயை விரித்து, கிட்டார் கலைஞர்கள் எட்டி லாங்கும் லானி ஜான்சனும் 1928, 29-இல் நியூயார்க்கில் சேர்ந்து வாசித்ததைக் கேட்டேன். அதற்குச் சில ஆண்டுகள் முன்புவரை ஜாஸ் குழுக்களில் பாஞ்சோ என்ற சத்தமான தந்தி வாத்தியம்தான். ட்ரம்பெட் சத்தத்தில் கிட்டார் எடுபடாது. 1925-இல் மைக் வைத்துப் பதிவுசெய்யும் முறை வந்ததும் அதன் மெல்லிய குரல் இசைத்தட்டில் ஏறியது.

லாங் வெள்ளையர், ஜான்சன் கறுப்பர். இருவரும் சேர்ந்து வாசித்தது வெளியே தெரியக்கூடாது என்று இசைத்தட்டில் லாங்கின் பெயரை ‘ப்ளைண்ட் வில்லி டன்’ என்று மாற்றி அச்சிட்டார்கள். எனக்கு இது இன்னமும் ஆறவில்லை. ஜான்சன் மேலே பறக்கும்போது லாங் கீழே எவ்வளவு பொறுமையாகத் தாங்குகிறார்! லாங் 1933-இல் டான்சில் அறுவைச் சிகிச்சைக்குப் பின் இறந்தார். வயது 30. சார்ஜ் தீரும்வரை அவருடைய கீழ்த்தந்தியையே கேட்டுக்கொண்டிருந்தேன்.