13 லட்சம் சதுர கிலோமீட்டர் வகுப்பறை

ஆஸ்திரேலியாவின் நடுவே நிற்கும் உலுரு பாறையிலிருந்து ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் நகருக்குச் சாலை வழியாக ஏறக்குறைய 450 கிலோமீட்டர். வழியெங்கும் செம்மண்ணும் முட்புல்லும்தான். எர்ல்டண்டா சந்திப்பில் பெட்ரோலும் சாப்பாடும் கிடைக்கும். அதை விட்டால் அடுத்த கூரை கண்ணில் பட நெடுநேரம் ஆகிறது. அவ்வப்போது ஒரு மண்பாதை பிரிந்து தொடுவானம் வரை ஓடுகிறது. அதன் கோடியில் எங்கோ ஒரு மாட்டுப்பண்ணை, அங்கே ஒரு குடும்பம். அந்த வீட்டுக் குழந்தை எந்தப் பள்ளிக்குப் போகும் என்று யோசித்தபடியேதான் வண்டியை ஓட்டினேன்.

ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் இருக்கும் ‘ஸ்கூல் ஆஃப் தி ஏர்’ என்ற வான்வழிப் பள்ளிதான் அந்தக் குழந்தையின் பள்ளி. அது பொறுப்பேற்றிருக்கும் பரப்பு சுமார் 13 லட்சம் சதுர கிலோமீட்டர். நம் தமிழ்நாட்டைப் போலப் பத்து மடங்கு! மாணவர்களோ நூற்றுச் சொச்சம் பேர். சிலருடைய வீடு பள்ளியிலிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால்.

பார்வையாளர்கள் கண்ணாடிக்கு இப்பால் நின்று பாடம் நடப்பதைப் பார்க்கலாம். கேமரா முன்னால் ஆசிரியை. எதிரே திரையில் சின்னச் சின்ன முகங்கள். ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, முந்தைய நாள் என்ன செய்தார்கள் என்று கேட்டார். ஒரு சிறுவன் தான் வரைந்த படத்தைத் தூக்கிக் காட்டினான். அவனுக்குப் பக்கவாட்டிலிருந்து ஒரு பெரியவரின் கை நீண்டு நோட்டைத் திருப்பி வைத்தது. அந்தக் கைதான் இந்தப் பள்ளியின் பாதி என்பது பிறகு புரிந்தது.

திரையில் பாடம் நடப்பது கொஞ்ச நேரமே. மற்ற நேரமெல்லாம் குழந்தையின் அருகில் அமர்ந்து சொல்லிக்கொடுப்பவர் வீட்டு ஆசிரியர். பெரும்பாலும் அம்மாதான். வசதியுள்ள பண்ணைகளில் அதற்கென்று சம்பளத்துக்கு ஒருவரை வைத்துக்கொள்கிறார்கள். பண்ணைக் கணக்கு, சமையல், மாடுகளைத் திரட்டும் பருவத்து ஓட்டம் எல்லாவற்றுக்கும் நடுவே நாள்தோறும் வகுப்பும் நடத்தும் அந்த அம்மாக்களை நினைத்தால் எனக்கு வியப்பு அடங்கவில்லை. ஆண்டில் சில வாரங்கள் பிள்ளைகள் ஆலிஸ் ஸ்பிரிங்ஸுக்கு வந்து சேர்ந்து படிக்கிறார்கள். ஆசிரியர்களும் நெடுந்தூரம் பயணம் செய்து மாணவர்களின் வீடுகளுக்கே போய் வருகிறார்கள்.

இதற்கு வழி திறந்தது மருத்துவம். 1920களின் இறுதியில் ஆல்ஃபிரட் ட்ரேகர் என்ற அடிலெய்டு நகரப் பொறியாளர், காலால் மிதித்து மின்சாரம் எடுக்கும் ரேடியோவை உருவாக்கினார். பண்ணையில் யாருக்காவது உடம்பு முடியவில்லையென்றால் விமானத்தில் மருத்துவரை அனுப்பும் ‘பறக்கும் மருத்துவர் சேவை’க்கு அதில்தான் தகவல் போகும். பள்ளி ஆய்வாளராக இருந்த அடிலெய்டு மீத்கி என்ற பெண்மணி, இந்தத் தொலைதூர உட்பகுதிக் குழந்தைகள் புது மனிதரைக் கண்டாலே கூச்சப்பட்டு ஒதுங்குவதைக் கவனித்தார். மருத்துவரை அழைக்கும் ரேடியோவிலேயே பாடமும் போகட்டும் என்றார். 1951இல் பள்ளி முறையாகத் தொடங்கியது. அஞ்சலில் வரும் பாடத்தாள்கள் அதற்கு முன்பே இருந்தன. ரேடியோ புதிதாகக் கொடுத்தது மற்றப் பிள்ளைகளின் குரலை. செயற்கைக்கோள் வழியாக முகம் பார்த்துப் பேசும் வசதி இந்த நூற்றாண்டில்தான் வந்தது. அரை நூற்றாண்டுக் காலம் வகுப்புத் தோழனைக் குரலால் மட்டும் அறிந்து படித்திருக்கிறார்கள்!

இவ்வளவையும் பாராட்டிவிட்டு நிறுத்திக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. இந்த ஊர் அரெர்ன்டே என்னும் பூர்வகுடி மக்களின் மண். பண்ணைப் பிள்ளைகளின் வீடு தேடி ரேடியோ போன அதே ஆண்டுகளில், பூர்வகுடிப் பிள்ளைகள் பலரை அரசு பெற்றோரிடமிருந்து பிரித்து விடுதிகளில் அடைத்துக்கொண்டிருந்தது. ஒரு சாராருக்குக் கல்வி வீட்டுக்கே வந்தது; இன்னொரு சாராரிடமிருந்து வீடே பறிக்கப்பட்டது. இன்று இந்தப் பள்ளியில் பூர்வகுடிப் பிள்ளைகளும் படிக்கிறார்கள் என்பது உண்மை. ஆனால் பழைய காயம் அதனால் ஆறிவிடாது.

அதே ஊரில் யிபிரின்யா என்று ஒரு பள்ளி இருக்கிறது. தங்கள் பிள்ளைகள் தங்கள் மொழியில் படிக்க வேண்டும் என்று பூர்வகுடிப் பெற்றோர்களும் பெரியவர்களும் நடத்திய பள்ளி அது. அரசு எளிதில் அங்கீகரிக்கவில்லை. வழக்காடிப் போராடி 1983இல் பதிவு பெற்றார்கள். அரெர்ன்டே, வார்ல்பிரி, லுரிட்ஜா மொழிகள் அங்கே பாடமாக இருக்கின்றன. பிள்ளையைப் பள்ளிக்கு இழுத்துப்போவதைவிட, பிள்ளை இருக்கும் இடத்துக்கும் பேசும் பேச்சுக்கும் பள்ளி வந்து சேர வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மொழியுரிமைக்காக உயிரையே கொடுத்தவர்கள் பிறந்த ஊர்க்காரனுக்கு அந்தப் பெற்றோர்களின் பிடிவாதம் அந்நியமாகவே தெரியவில்லை.

ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் போகிறவர்கள் உலுருவைப் பார்த்த கையோடு விமானம் ஏறிவிடாதீர்கள். பள்ளி நடக்கும் நாளாகப் பார்த்து, காலையிலேயே ‘ஸ்கூல் ஆஃப் தி ஏர்’ போய்விடுங்கள். விடுமுறையில் போனால் பதிவுசெய்த பாடத்தைத்தான் காட்டுவார்கள். யிபிரின்யா சுற்றுலா இடம் அன்று. அங்கே படிக்கும் பிள்ளைகளைக் காட்சிப்பொருளாக்க வேண்டாம்.